நான்கு சீட்டுகள்

மூவாயிரம் சொற்கள், வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள்.
வரைந்து தா என்றிருந்தால்
போன வாரமே தந்திருப்பேன்.

உமேயோவில் யாரும் வரிசையில் நிற்பதில்லை.
மருந்துக்கடை வாசலில் ஒரு சிவப்புப் பெட்டி
நாக்கை நீட்டும். நுனியைக் கிழித்துக்கொண்டு
ஆளுக்கொரு மூலைக்குப் போய்
ஷாம்பூ புட்டியின் பின்பக்கத்தைப் படிப்பார்கள்.
வரிசை அந்தச் சீட்டுகளுக்குள் நின்றுகொண்டிருக்கும்.
இதைத்தான் எழுதப்போகிறேன் என்று
வகுப்பில் சொன்னபோது நன்றாகத்தான் இருந்தது.

திட்டம் போடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை.
விடுதிச் சமையலறை ஃப்ரிட்ஜ் முழுக்க ஒட்டினேன்:
மஞ்சள் தாள் மேற்கோளுக்கு,
பச்சைத் தாள் என் கருத்துக்கு,
இளஞ்சிவப்பு, இன்னும் புரியாதவற்றுக்கு.
பால் எடுக்க வந்த இல்வாவின் சட்டைக் கையில்
மூன்றாம் பகுதி ஒட்டிக்கொண்டு
வனவியல் துறைவரை போய்வந்தது.
பச்சைத் தாள் மொத்தமே இரண்டு.
ஒன்றில் 'முட்டை வாங்கு' என்றிருந்தது.

எழுத்துருவை மூன்று முறை மாற்றினேன்.
ஓரத்து வெள்ளையை இரண்டு மில்லிமீட்டர் கூட்டினேன்.
பக்கம் அழகாக இருந்தது, காலியாக.

"மனித குலம் தோன்றிய நாள் முதலாகவே..."
என்று ஒருவழியாகத் தொடங்கிக் கொடுத்தேன்.
விரிவுரையாளர் ஓரத்தில் எழுதினார்: வாதம் எங்கே?
நான் கூட்டிவைத்த வெள்ளையில், அவ்வளவுதான்.

அஸ்லாக்கும் படித்தான்.
'பயனர்' வருகிற பத்தொன்பது இடத்திலும்
பென்சிலால் வட்டம்.
"இவர்களில் ஒருத்தருக்காவது முழங்கால் இருக்கிறதா, ஹெட்விக்?"
கோபம் வந்தது.
அவன் வாங்கித் தந்த காப்பியைக் குடித்துக்கொண்டே கோபப்பட்டேன்.

செவ்வாய்க்கிழமை நேரில் பார்க்கப் போனேன்.
மூன்று மணி. வெளியே இருட்டிவிட்டது.
மாதிரிக்கென நான்கு சீட்டு கிழித்தேன்,
அறுபத்திரண்டு முதல் அறுபத்தைந்து வரை.
அகலம் அளந்தேன்.
கிழிந்த விளிம்பின் பற்களை எண்ணினேன்.
எனக்குப் பின்னால் ஒருவர்,
சாலைப் பணியாளரின் மின்னும் மேலங்கி, ஐம்பது வயதிருக்கும்,
அறுபத்தாறை எடுத்துக்கொண்டு
இருந்த ஒரே நாற்காலியில் பக்கவாட்டில் இறங்கினார்.

மணி ஒலித்தது. அறுபத்திரண்டு.
யாரும் போகவில்லை.
அவர் எழுந்தார், பலகையைப் பார்த்தார்,
சீட்டைப் பார்த்தார், உட்கார்ந்தார்.
அறுபத்துமூன்று. எழுந்தார்.
கவுண்டர்ப் பெண் கழுத்தை நீட்டித் தேடினாள்.
நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்:
'பயனர் ஒவ்வொரு மணிக்கும் எழுகிறார்.'
அறுபத்துநான்கு.
உள்ளங்கை இரண்டையும் முழங்கால்களில் ஊன்றி,
பல்லைக் கடித்து, பாதி எழுந்து...

வராத அந்த மனிதர்கள்
என் இடது கைக்குள் கசங்கிக்கொண்டிருந்தார்கள்.

வாதம் அங்கே உட்கார்ந்திருந்தது,
இரண்டு முழங்கால்களிலும்.

சொல்லியிருக்கலாம்.
அறுபத்தைந்துக்கும் சொல்லவில்லை.
தன் முறை வந்து என்னைக் கடந்து போகையில்
இந்த வடக்கத்திக்காரர்கள் 'ஆமாம்' என்பதற்குச் செய்வதுபோல்
உதட்டைக் குவித்து, சட்டென்று ஒரு மூச்சை உள்ளே இழுத்தார்.
மால்மோவிலிருந்து வந்து மூன்று வருடமாகியும்
அதைக் கேட்டால் எனக்குத் தூக்கிவாரிப் போடும்.
எதற்கு ஆமாம்?
நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

இரவு, மனித குலத்தை அழித்தேன்.
அந்த இடத்தில்:
"செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு
நான் ஒருவரை நான்கு முறை எழுந்து உட்காரவைத்தேன்."
பயனர்களில் பதினொரு பேரை வெளியேற்றினேன்.
மிச்சப் பேர் எங்கே போவார்கள், இருக்கட்டும்.
இன்னும் இரண்டாயிரத்துச் சொச்சம் சொற்கள்.

மேற்கோள் பட்டியலில் அவரை
எப்படிச் சேர்ப்பது என்றுதான் தெரியவில்லை.
பெயர் இல்லை. ஆண்டு இல்லை. பதிப்பகம் இல்லை.
பக்க எண் மட்டும் உண்டு:
அறுபத்தாறு.