நாற்பத்தைந்து அடி

பேரிங் பொதிந்து வந்த தாளில் ஒரு பீரங்கி இருந்தது.
அமெரிக்கப் போர்க்கப்பல்,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டோ ஒன்பதோ,
வருஷத்தின் வாலில் எண்ணெய் ஊறிவிட்டது.
வாய் பன்னிரண்டு அங்குலம்.
நீளம் நாற்பத்தைந்து அடி.

நான் பேட்டையில் பம்புக்கு சிலிண்டர் கடைகிறவன்.
அளவைக் கண்டால் கை சும்மா இருக்காது.
சாக்பீஸால் பின்சுவரிலிருந்து கோடு இழுத்தேன்.
லேத்துக்கு அடியில் நுழைந்து,
இரும்புச் சுருளை ஒதுக்கி,
மைதீன் பிச்சையின் சைக்கிளைச் சுற்றாமல் நேராகப் போய்
முப்பதாவது அடியில் வாசல்.
பட்டறை முடிந்தது, பீரங்கி முடியவில்லை.
மீதிப் பதினைந்து அடி சேரன்மகாதேவி ரோட்டில்.
சரியாக வாய்முனையில்
ஒரு வெள்ளாடு வந்து படுத்து அசைபோட்டது.

'யாருக்குவே குழிக்கு அளவெடுக்கிய?'
'சொல்லுதேன், டீ வாங்கிட்டு வாரும்.'

ஒரே வார்ப்பு இல்லையாம்.
குழாய்மேல் குழாய், அதன்மேல் வளையம், வளையத்தின்மேல் வளையம்.
வெளியே வருவதைச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சி
உள்ளே இருப்பதன்மேல் இறக்குகிறார்கள்.
சூட்டில் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போகும்.
ஆறின பிறகுதான் பிடி.
தண்டுக்கு புஷ் இறக்குகிறவனுக்கு இதைப் புதிதாகச் சொல்லவேண்டாம்.
வீட்டில் இருக்கிறவனுக்கும்.

குண்டு நானூறு கிலோவுக்குச் சற்றுக் குறைவு.
குழலுக்குள் அது இருப்பது
விநாடியில் முப்பதில் ஒரு பங்கு.
ஒவ்வொரு வெடிக்கும் உள்வரி கொஞ்சம் கரையும்,
இருநூறு வெடியில் குழல் தேய்ந்துபோகும்.
மைதீன் பிச்சை கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தார்.
'மொத்த ஆயுசும் ஏழு செகண்டுவே.
ஒரு தும்மலுக்கா இவ்வளவு இரும்பு!'

பாயும் தூரம் பதினெட்டு கிலோமீட்டர்.
சுவரில் ஜில்லா வரைபடம்,
சேல்ஸ் டாக்ஸ்காரன் ஒட்டிவிட்டுப் போனது.
காலிப்பரை விரித்துப் பேட்டையில் ஒரு காலை ஊன்றிச் சுற்றினேன்.
மேற்கே பாப்பாக்குடி தட்டுப்பட்டது.
கிழக்கே, சிற்றாறு வந்து ஆற்றில் விழும் இடத்தில்,
சீவலப்பேரி.

அதற்காகச் சுற்றவில்லை. சத்தியமாக.

முப்பிடாதி அங்கே போய்ப் பதினொரு நாள்.
அவள் சங்கிலியை விற்று வாங்கிய மோட்டார்தான்
இந்த லேத்தில் ஓடுகிறது.
அதைப் பற்றி நாலு வார்த்தை சொன்னேன்.
எந்த நாலு என்று இங்கே கடையமாட்டேன்.

சுடுகிறவனுக்கு இலக்கு தெரியாதாம்.
இரும்புப் பெட்டிக்குள் வியர்த்துக்கொண்டு நிற்பான்.
கூடைபோலக் கம்பி பின்னிய கோபுரத்தின் உச்சியில்
ஒருத்தன் கண்ணாடி வைத்துப் பார்த்துச் சொல்வான்,
முன்னால் விழுந்தது, தாண்டி விழுந்தது என்று.
எனக்குக் கோபுரம் மச்சினன் கொம்பையா.
போனில் சொன்னான்,
'சரியா விழுந்துட்டு அத்தான்.
அக்கா சோறு திங்கல.'

தாளின் பின்பக்கம் முழுக்கப் பின்னடைவு.
சுட்டதும் அந்தக் கனம் மொத்தமும்
மூன்றடி பின்னால் சறுக்குகிறது.
ஒரு சிலிண்டருக்குள் திரவம்
சிறுவழியில் பிதுங்கிப் பிதுங்கி அதைத் தாங்குகிறது.
பிறகு வில்சுருள்கள்
மெதுவாகப் பழைய இடத்துக்குத் தள்ளிவிடுகின்றன.
இது இல்லையென்றால்
பிளப்பது எதிரியின் கப்பல் அல்ல, தன் கப்பல்.
திரும்பி வருவது எப்படி என்ற பத்தியில்தான்
எண்ணெய் அப்பிக் கிடக்கிறது.
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். பாதி எழுத்து மறுபக்கத்து எழுத்து.

'பாளை பஸ் ஸ்டாண்டுல அஞ்சே காலுக்கு ஒரு வண்டி இருக்கு,'
மைதீன் பிச்சை வரைபடத்தைப் பார்க்காமல் சொன்னார்,
கிளாஸைக் கழுவிக்கொண்டே.

மோட்டாரை நிறுத்தினேன். நின்றபிறகும் கொஞ்சம் சுற்றியது.
மண்ணெண்ணெய் போட்டும் நகக்கண்ணில் கிரீஸ் போகவில்லை.
வெளியே ஆடு எழுந்து போயிருந்தது,
அது படுத்த இடத்தில் கோடு ஒரு சாண் காணோம்.

குண்டு நாற்பது விநாடியில் போய்விடும்.
நான் சீவலப்பேரியில் இறங்கும்போது
விளக்கு வைத்திருப்பார்கள்.