ஐந்நூற்றுப் பன்னிரண்டு

முதலில் வந்த கோப்பு முப்பத்தெட்டு மெகாபைட்.
அப்போதே தெரிந்துவிட்டது, இது என்னுடையது இல்லை.

என் விளையாட்டின் எடை ஐந்நூற்றுப் பன்னிரண்டு கிலோபைட்.
ஒரு பைட் கூடினாலும் அடுத்த சில்லு வாங்க வேண்டும்,
காசு உன் அப்பனா தருவான் என்றார் ஓயாமா.
தொண்ணூற்றிரண்டு பிப்ரவரி, கனசாவாவில் முழங்கால் பனி.
ஆற்றின் ஓசையில் பாதியை வெட்டினேன்.
படகோட்டியின் தொப்பியில் ஒரு நிறத்தைப் பிடுங்கினேன்.
பாலத்தின் இடப்பாதியையே திருப்பிப் போட்டு
வலப்பாதி என்றேன்.
கடைசியில் பதினொரு பைட் மிச்சம்.
நிஷிவாகி செட்சுகோ என்று எழுத இடம் இருந்தது.
அனுமதி இல்லை.
பெயர் வெளியே தெரிந்தால் வேறு கம்பெனி
கொத்திக்கொண்டு போய்விடுமாம்.
இறுதித் திரையில் நான் "கடற்பாசி".

சரி, இந்த முப்பத்தெட்டில்
மீதி முப்பத்தேழரையில் குடியிருப்பது யார்?
விளையாட்டுக் கோப்பு தானாக எழுந்து நடக்காது.
இதுவோ "என்னை இயக்கு" என்று
கதவைத் தட்டிக்கொண்டே வந்தது.
திறக்காமல் அழித்தேன்.

என் கேட்ரிட்ஜை
எரியாத குப்பை நாளில் வாசலில் வைத்தவர்
முன்னாள் கணவர்.
ஏலத்தில் இப்போது எண்பதாயிரம் யென்.
கம்பெனி திவாலாகி, உரிமை கைமாறிக் கைமாறி
நகோயாவில் ஒரு பச்சின்கோ எந்திரக்காரரிடம் இருக்கிறதாம்.
எழுதிக் கேட்டேன்.
"உரிமை எங்களுடையதா என உறுதிசெய்ய இயலவில்லை.
அனுமதி தரவும் இயலாது.
தங்கள் புரிதலுக்கு நன்றி."
எனக்குப் புரியவில்லை.

சட்டம் புரிகிறது.
திருட்டுப் பதிவேற்றம் என்று தெரிந்தே இறக்கினால் தவறு.
தெரியாது என்று நான் எப்படிச் சொல்வது,
பதினொரு பைட் மிச்சம் என்றே தெரிந்தவள்?

இரண்டாவது கோப்பு, சரியான எடை.
சுட்டியை அழுத்தினேன்.
தேநீர்க் கோப்பையைக் கீழே வைப்பதற்குள்
முடிந்துவிட்டது குற்றம்.

இயக்கவில்லை. பழைய வழக்கம்:
எண்களாகப் பிரித்து, கடைசிப் பக்கத்துக்குப் போனேன்.
அந்தப் பதினொன்று காலியாக இல்லை.
ஸே த ஷூவா.
இடைவெளிகளையும் சேர்த்தால், அவர்கள் எழுத்தில், சரியாகப் பதினொன்று.
போர்த்துகீசியமாம். அகராதி சொன்னது: மழைக்கார ஸே.
பிரேசிலோ எதுவோ,
யாரோ ஒருவன் சில்லைச் சுரண்டி எடுத்து,
நான் விட்ட இடத்தை என்னைப்போலவே எண்ணிப் பார்த்து,
உட்கார்ந்துவிட்டான்.

கோபம்தான் வந்தது. பிறகு பொறாமை.
அவனை யாரும் பெயரை மாற்றிக்கொள் என்று சொல்லவில்லை.

முதல் எழுத்தின் மேல் கர்சர் சிமிட்டியது.
என் பெயர் காத்தகானாவில் எட்டு எழுத்து,
மூன்று மிஞ்சும்.
குளிர்பெட்டி ஒருமுறை உறுமி அடங்கியது.

சேமிக்காமல் மூடினேன்.
பிறகு விளையாடினேன், விடியும்வரை, மோசமாக.
நான் வைத்த கண்ணியிலேயே நான்கு முறை விழுந்தேன்.
பாலத்தின் வலப்பக்கம்
ஆணிகள் இன்னும் தப்பான திசையில்.