கப்பல் என்ற நிரல்

லாங்கிரிட்ஜ் பாதிரியார் கோடு போட்ட பதிவேடு இது.
அடிமட்டம் இல்லாமல் போட்டிருக்க வேண்டும்;
ஒவ்வொரு கோடும் கடைசியில்
கொஞ்சம் கடற்பக்கம் சாய்கிறது.

பெயர். வயது. நோய். கப்பல். அடக்கம் செய்தவர்.
ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தொன்றில், திருகோணமலையில்,
ஒரு மனிதனைப் பற்றிக் கடவுளுக்குச் சொல்ல
இந்த ஐந்தும் போதும் என்று நினைத்திருக்கிறார்.
பத்தொன்பது, காய்ச்சல், இன்ன கப்பல்.
இருபத்திரண்டு, வாந்திபேதி, அதே கப்பல்.
முப்பது, பாய்மரத்திலிருந்து விழுந்தான்.
இவர்களைக் கணினியில் ஏற்றுவது என் வேலை.
பக்கத்துக்கு எழுபது ரூபாய்,
மின்சாரம் போனால் அதுவும் இல்லை.

பதிவேட்டோடு சேர்த்துக் கட்டி வந்தவை இரண்டு:
ஒரு செலவுக் கணக்கு,
கறையான் நடுவில் சுரங்கம் வெட்டிய ஒரு குறிப்பேடு.
கோணேசர் மலைக்கு எதிராக ஒரு நூல்
அந்தக் குறிப்பேட்டில்தான் தொடங்குகிறது.
மாலைதோறும், கடற்படைக்காரரிடம் இரவல் வாங்கிய தூரநோக்கியில்
மலைவிளிம்பில் நிற்கும் ஐயரைப் பார்க்கிறார்.
கோயில் இல்லை. இடித்து இருநூறு வருடம்.
ஆனாலும் ஐயர் பூவைக் கடலில் போடுகிறார்.
"பூ தண்ணீரைத் தொட, நாடித்துடிப்பு எட்டு."
மறுநாள்: "ஒன்பது. காற்று."
மறுப்பு எழுத வேண்டிய பக்கம் முழுக்க
இந்த எண்கள்தான்.

தமிழ் கற்பித்தவர் கோணாமலையர்.
மாதம் பதினைந்து சிலிங்.
திருநீற்றோடு வருவார். பாதிரியார் வீட்டில் தண்ணீர் குடிக்கமாட்டார்.
வேத வசனத்தில் சந்தி பிழைத்தால் மட்டும் கோபப்படுவார்.
பாதிரியாருக்கு ஒரு சொல் தேவைப்பட்டது.
கிருபை தந்தார். தயவு தந்தார். இரக்கம் தந்தார்.
மீன்வாடியில் யாரோ சொல்லக் காதில் விழுந்த இன்னொன்றைக் கேட்டபோது
தரமாட்டேன் என்றிருக்கிறார்.
பதில் ஆங்கிலத்தில் இருக்கிறது,
நான் அதைக் கோணாமலையர் வாய்க்கே திருப்பிப் போடுகிறேன்:
"அது வீடு, துரை. உள்ளுக்கு ஆள் இருக்கேக்க
எப்பிடி விக்கிறது?"

கீழே பாதிரியார் களவாக எழுதிப் பார்த்திருக்கிறார்: அருல்.
கோணாமலையர் கண்ணில் பட்டுவிட்டது. சிவப்பு மையில் ஒரு சுழி.
மறுபடி அருல். மறுபடி சுழி.
விற்க மறுத்த மனிதர்
பிழையாய் எழுத விடவும் மறுத்திருக்கிறார்.

பக்கம் நாற்பத்தாறு.
ஹெஸ்டர் லாங்கிரிட்ஜ். இரண்டு வயது நாலு மாதம். காய்ச்சல்.
கப்பல் என்ற நிரலில் ஒரு புள்ளி;
பேனாவை வைத்து, எடுத்திருக்கிறார்.
அடக்கம் செய்தவர்: தன் பெயர்,
மற்ற நாட்களில் போலவே, பட்டத்தோடு.
அந்த வாரம் சங்கத்துக்குப் போன கடிதத்தின் பிரதியில்
ஞாயிறு ஆராதனைக்குப் பதினாலு பேர்,
ஏழு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள் என்கிறார்.
கோயில்மணி கேட்கிறார். கொயினா கேட்கிறார்.
குறிப்பேட்டில் அன்றைய தேதிக்கு நேரே:
"பூ விழுந்தது. எண்ணவில்லை."

செலவுக் கணக்கில்,
தச்சனுக்கு, முதிரைப் பலகை, ஆறு சிலிங்.
ஆணி, நாலு பென்ஸ்.
தமிழ் ஆசிரியர், இம்மாதம் பணம் வாங்கவில்லை.
அதற்கும் கீழே, தமிழில்,
அருள்.
ளகரம் சரியாக வளைந்திருக்கிறது.
சிவப்பு மை இல்லை.

கேட்டாரா, கொடுத்தாரா, களவா,
'இல்லை' என்று முடிக்க வந்து பாதியில் நின்றாரா,
தெரியவில்லை.
எதிரே தொகையும் இல்லை.

குறிப்பு என்றொரு கட்டம் என் திரையில் உண்டு.
அதில் ஏற்றிப் பார்த்தேன்.
கொழும்பில் செய்த மென்பொருளுக்குத் தமிழ் தெரியாது.
மூன்று எழுத்துக்கு
ஐந்து வெற்றுப் பெட்டி காட்டியது.
அழிக்கவில்லை.

அடுத்த பெயர்.
பதினெட்டு வயது. வயிற்றோட்டம்.
கப்பல் உண்டு.