ஒன்பது பாகை

கண்ணை மூடச் சொன்னாள் ஹெப்சிபா.
வலது காலை மெல்லத் தூக்கி
ஓரிடத்தில் நிறுத்தி
ஐந்து எண்ணி இறக்கினாள்.
"இப்ப நீங்களே அதே இடத்துக்குக் கொண்டு வாங்க."

கொண்டு வந்தேன்.
அதே இடம்தான்,
சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருப்பேன்.
கண் திறந்தால்
பிளாஸ்டிக் பாகைமானியில்
ஒன்பது பாகை தள்ளி நிற்கிறது
என் சொந்தக் கால்.

கோத்தகிரியில் வீடுவீடாய் மீட்டர் படிக்கிறவள் நான்.
ஒரு யூனிட் பிசகியதில்லை.
நாற்பத்திரண்டு வருடம் கூடவே வந்த முட்டி
எங்கே இருக்கிறதென்று
எனக்குத் தெரியவில்லை.

விழுந்தது அரவேணுவுக்குக் கீழே, ஐப்பசியில்,
பாசி பிடித்த படியில்.
ஜவ்வு கொஞ்சம் கிழிந்தது. தைக்க வேண்டாம் என்றார்கள்.
மூளைக்குச் செய்தி அனுப்பும் நரம்பு நுனிகளும்
அங்கேதான் குடியிருந்தனவாம்.
அதை யாரும் அப்போது சொல்லவில்லை.

பிறகு உறை.
கறுப்பு. ரப்பர் வாசனை. அறுநூற்றைம்பது ரூபாய்.
தொடையில் சுருண்டுகொண்டு ஏற மறுத்தது.
மறுபடி கண்மூடல், தூக்கல், ஐந்து எண்ணல்.
நான்கு பாகை.

"இறுக்கிப் பிடிச்சுக்குதா, அதனாலயா?"
"இது எதையும் பிடிக்காது அக்கா.
தோலைத் தொட்டுக்கிட்டே இருக்கு, அவ்வளவுதான்.
மூட்டு சொல்ல மறந்ததைத் தோல் சொல்லுது."

ஆசைக்கு இடது காலிலும் மாட்டிப் பார்த்தோம்.
வெறுமனே இரண்டு பாகை தவறியது
உறைக்குள் மூன்றரை தவறியது.
வழி தெரிந்தவனிடம்
திரும்பத் திரும்ப வழி சொன்னால்
அவனும் குழம்பத்தான் செய்வான்.

நேற்று நாலரை மணிக்கு
பள்ளத்திலிருந்து மஞ்சு ஏறி வந்தது.
முதலில் தேயிலை போனது,
பிறகு கம்பிவேலி,
பிறகு என் செருப்பு.
கீழே பெள்ளியம்மா வீட்டு மீட்டர் ஒன்றுதான் பாக்கி.
அறுபத்து மூன்று படி, கைப்பிடி கிடையாது.

ஒவ்வொரு முறை மடக்கும்போதும்
முட்டிக்குப் பின்னால் துணி கசங்கியது:
இங்கே.
நீட்டும்போது முன்னால் இழுத்தது:
இதோ இங்கே.
வேறொன்றும் சொல்லத் தெரியாது அதற்கு.
படி வழுக்குமா, நாய் கட்டியிருக்கிறதா,
எதுவும் தெரியாது.
நானும் கேட்கவில்லை.
நாற்பதில் எண்ணிக்கை விட்டுப்போனது.
கால் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

நாய் கட்டியிருக்கவில்லை.
ஆனால் தூங்கிக்கொண்டிருந்தது.

ராத்திரி கழற்றினால்
தோலில் தையலின் வரி, கொஞ்ச நேரம்.
அது மறையும்வரை முட்டி இருக்குமிடம் தெரிகிறது.
மறைந்த பின்
விளக்கணைத்துக் காலைத் தூக்குகிறேன்.
முப்பது பாகை என்று நினைக்கும் இடத்தில்
நிறுத்துகிறேன்.
ஐந்து எண்ணுகிறேன்.

அளக்க ஆளில்லை.
சரியென்றே குறித்துக்கொள்கிறேன்.