கேட்டு போட்ட நேரம்

கொருக்குப்பேட்டை கேட்டில்
கூட்ஸ் வண்டி நின்றுவிட்டால்
ஆளுங்கட்சி எதிர்க்கட்சி எல்லாம் ஒன்றுதான்.
தண்ணி லாரி, ஸ்கூல் ஆட்டோ,
சாப்பாட்டுப் பையோடு நான்,
ஜீப்பின் மேல் வேட்பாளர் ஞானசெல்வி.
கூப்பிய கை கூப்பியபடியே
நாற்பது நிமிடம்.

மைக் பிடித்தவன் விடவில்லை:
"பொம்பளைக்குப் பொம்பளையே போடலன்னா
வேற யாரும்மா போடுவாங்க?"
மீன்கூடையை இறக்கி வைத்த அஞ்சலாட்சி
என்னைப் பார்த்துச் சொன்னாள்:
"போன தபா போட்டமே, இன்னா ஆச்சு?"

போன தபா போட்டோம்.
அப்போது இது பெண்கள் வார்டு.
நின்ற மூன்று பேரும் பெண்கள்.
போஸ்டரில் மூன்று புருஷன்களும்
பெரிதாகச் சிரித்தார்கள்.
ஜெயித்தவள் பெயர் சொர்ணம் என்பதே
ரேஷன் கடைக் கல்வெட்டில்தான் படித்தேன்.
சாக்கடை வீட்டுக்குள் வந்த அன்று
சொல்லப் போனேன்.
"அவரு வரட்டும்" என்று உட்காரவைத்து
டீ போட்டுக் கொடுத்தாள்.
டீ நன்றாக இருந்தது.

அவளுக்கு முன்னால் நான்கு பேர்.
நால்வரும் ஆண்கள்.
ஒருவர் ஐந்து வருஷத்தில்
எங்கள் தெருவுக்கு இரண்டு தடவை வந்தார்,
இரண்டும் சாவுக்கு.
ஆனால் ஒருத்தரும், நான்கூட,
"ஆம்பளைக்குப் போட்டமே, இன்னா ஆச்சு?"
என்று கேட்டதில்லை.

இந்த முறை பொது வார்டு.
எதிரில் நிற்பவர் எபனேசர்.
வெள்ளத்தில் காய்ச்சலோடு கிடந்த என் மகளைத்
தெர்மாகோல் பலகையில் படுக்கவைத்து
மார்பளவுத் தண்ணீரில்
ஆட்டோ கிடைக்கும் இடம்வரை தள்ளிப் போனவர்.
அவர் ஆணா பெண்ணா என்று
அன்றைக்கு நான் பார்க்கவில்லை.
அதை எந்தத் தட்டில் வைப்பது?

யோசித்துக்கொண்டே நிற்கிறேன்.
ஜீப்பிலிருந்து இறங்கி வந்த ஞானசெல்வி
என் காதோரம் குனிந்தாள்.
"அக்கா, இங்க பக்கத்துல எங்கயாவது..."

அந்த வாக்கியத்தை
எந்தப் பெண்ணும் முடிக்கத் தேவையில்லை.

கார்ப்பரேஷன் கழிப்பறையில் பூட்டு.
சாவி காண்ட்ராக்டரிடம்.
காண்ட்ராக்டர் பொன்னேரியில்.
என் வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.
"காலையிலேர்ந்து தண்ணியே குடிக்கலக்கா.
குடிச்சா வம்பு."
தெரியும்.
எக்ஸ்போர்ட் கம்பெனியில் எங்களுக்கு
நாளைக்கு இரண்டு டோக்கன்.
முந்தாநேத்து வருஷமில்லை, அதற்கும் முன்னால்,
அடக்கி அடக்கிச் சிறுநீரகத்தில் சீழ் வைத்து
ஸ்டான்லியில் பதினோரு நாள் படுத்திருந்தேன்.

எங்கள் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.
வெளியே நின்று
கையால் பிடித்துக்கொண்டேன்.

வெளியே வந்தவள்
முகம் கழுவினாள், ஒரு செம்பு தண்ணீர் குடித்தாள்,
பழக்கத்தில் நோட்டீஸை நீட்டினாள்.
எட்டு வாக்குறுதி.
இரண்டு முறை தேடினேன்.
கழிப்பறை இல்லை.

"எழுதித்தான்க்கா கொடுத்தேன்.
மேடையில படிக்க நல்லா இருக்காதுன்னு
எடுத்துட்டாங்க."
"யாரு?"
அவள் ஜீப் இருக்கும் பக்கம் பார்த்தாள்.
ஹாரன் அடித்தது.
கேட்டு திறந்துவிட்டது போல.
புடவைக் கொசுவத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

ஓட்டுப் போடும் நாள்.
அட்டை மறைப்புக்குப் பின்னால்
இரண்டு பெயர்களும் அருகருகே இருந்தன.
தண்ணீருக்குள் நடந்த கால்கள் ஒரு பக்கம்.
தண்ணீர் குடிக்காத வாய் ஒரு பக்கம்.
பெண் என்பதற்காகவா என்றால் இல்லை.
பெண் என்பது ஒன்றுமேயில்லையா என்றால்
அதற்கும் என் சிறுநீரகம் ஒத்துக்கொள்ளவில்லை.
தாழ்ப்பாள் இல்லாத இடம் இதுவும்.
வெளியே நின்று பிடித்துக்கொள்ள யாருமில்லை.

பீப் சத்தம்
நான் நினைத்ததைவிட நீளமாகக் கேட்டது.

"யாருக்கு?" என்றாள் அஞ்சலாட்சி.
மையிட்ட விரலைக் காட்டினேன்.
"அத்த கேக்கல" என்று முறைத்தாள்.

திரும்பும்போது கேட்டு போட்டிருந்தது.
பெட்டி பெட்டியாகக் கூட்ஸ்.
வரிசை நீளமாக இருக்கும் என்று
காலையில் நானும்
தண்ணீர் குடிக்காமல்தான் கிளம்பியிருந்தேன்.