கால் சுற்று

தீபாவளி முடிந்து பன்னிரண்டாம் நாள்.
ரவிக்கைக்கு அளவு கொடுக்க ஒருத்தியும் வரவில்லை.
திருத்துறைப்பூண்டி ரயிலடிச் சாலையில்
மழை மட்டும் கடை கடையாக ஏறி இறங்கியது.
தையல்நாயகி அக்கா
(பெயரைப் பார்த்துத்தான் தொழிலே வந்தது என்பாள்)
சட்டைப் பெட்டி ஒன்றைப் பிரித்துப் போட்டு
"ஏதாவது ஆடுவோமா" என்றாள்.

தாயம் எனக்குச் சலித்துவிட்டது.
கேரம் போர்டு அலாவுதீன் கடையில் இருக்கிறது,
காயில் பாதி இல்லை.
அப்படித்தான் ஆறு வரைய ஆரம்பித்தோம்.

துணிச் சாக்கால் கோடு,
கோட்டின்மேல் மைதாப் பசை, பசைமேல் நீல நூல்.
அட்டையின் நாலு பக்கமும் சுற்றி வருகிறது ஆறு.
நிஜ ஆறு இப்படி வளையாதுதான்.
பெட்டி அவ்வளவு அகலம்.
மூலைக்கு ஒரு ஊர்:
கல்லணை, நீடாமங்கலம், மன்னார்குடி, நாங்கள்.
பகடைக்கு ரப்பரை அறுத்தேன்.
கத்திரி கோணியதில்
ஐந்து அடிக்கடி விழுந்தது.
தண்ணீருக்குப் பொத்தான்,
பள்ளிச் சீருடையில் மிஞ்சிய நீலம், பன்னிரண்டு.
விழுந்த எண்ணுக்கு எடுத்துக்கொண்டு
மிச்சத்தைக் கீழே தள்ள வேண்டும்.

பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சீட்டாக நறுக்கினோம்.
'வெங்காயத்தாமரை அடைப்பு, ஒன்று போச்சு'
என்று எழுதிய சீட்டைத் திருப்பினால்
'சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து'.
'எலி வங்கு, கரை உடைப்பு' சீட்டின் முதுகில்
பாதி மணமகன்.

அலாவுதீன் முத்துப்பேட்டைக்காரர்.
"கடலுக்கும் ஒண்ணு போகணும்.
இல்லாட்டி உப்பு மேலே ஏறும்" என்று அடம்பிடித்தார்.
அவருக்காக ஓரத்தில்
ஒரு பால்பாக்கெட் மூடியளவு கடல்.

நாலாவது ஆளாக வைரக்கண்ணு.
காக்கி பேண்டுக்கு இடுப்பு பிரிக்க வந்தவர்,
லுங்கியோடு ஸ்டூலில் காத்திருந்தார்.
ஆற்றில் ஷட்டர் ஏற்றி இறக்கும் லஸ்கர்.
கேட்காமலே கல்லணை மூலையில் உட்கார்ந்தார்.

முதல் ஆட்டம்: எனக்குச் சைபர்.
இரண்டாவது: ஒன்று, அதுவும் கடலுக்கு.
இடம் மாறி என் மூலையில் அக்கா உட்கார்ந்தாள்.
அவளுக்கும் சைபர்.
"ஆட்டத்தில் ஏதோ தப்பு" என்றேன்.
வைரக்கண்ணு தன் ஐந்து பொத்தானையும்
வரிசையாக அடுக்கிக்கொண்டே சொன்னார்:
"ஆட்டம் சரியாத்தாம்மா இருக்கு."

அக்கா பேசவில்லை.
தீர்ந்துபோன நூல்கண்டு ஒன்றைக் கீழே நிறுத்தி
கோணி ஊசியால் அட்டையின் நடுவைக் குத்தி
அதன்மேல் உட்கார்த்தினாள்.
விரலால் தட்டினாள்.
ஆறு அசைந்தது.
"ஒரு சுற்று முடிஞ்சா
பலகை கால் சுற்று திரும்பும்.
ஆள் நகரக் கூடாது."

கல்லணை மெல்ல வந்து என் முழங்காலில் இடித்தது.
வாழ்க்கையில் முதல் தடவையாக மூன்று எடுத்துவிட்டு
மிச்சத்தை என்ன செய்வது என்று தெரியாமல்
கையை வைத்துக்கொண்டிருந்தேன்.
அக்கா ஐந்து, அலாவுதீன் நான்கு.
வைரக்கண்ணு பகடையை உருட்டினார். ஆறு.
எடுக்க ஒன்றுமில்லை.
அட்டையின் கீழே குனிந்துகூடப் பார்த்தார்.
"என்ன, தண்ணி வரலையே?"

மெஷினில் நூல் கோர்ப்பவளைப் போல
கண்ணைச் சுருக்கிக்கொண்டு அக்கா சொன்னாள்:
"மேலேர்ந்து விடலைங்க."

அலாவுதீனுக்கு டீ புரையேறியது.
வைரக்கண்ணு சிரிக்கவில்லை.
பிறகு சிரித்தார்.
பிறகு, "நானும் அதைத்தானே சொல்றேன்,
எனக்கும் அதைத்தான் சொல்றாங்க" என்றார்.
மழை கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் பேண்ட் தயார்.
இடுப்பு இரண்டு விரல் விட்டாயிற்று,
பொத்தான்தான் எங்கோ அறுந்துபோயிருந்தது.
காக்கி நிறத்தில் டப்பாவில் ஒன்றுமில்லை.
அக்கா அட்டையைப் பார்த்தாள்.
கடலில் கிடந்ததை எடுத்தாள்,
நாலு துளையிலும் நூல் விட்டு இறுக்கினாள்.
"பெல்ட் மறைச்சிடும்."

மறுநாளும் மழை.
பதினொன்றை வைத்தே ஆடினோம்.