ஐந்தெழுத்துச் சீட்டு

கூடலூர் அரசு மருத்துவமனை. ஆடி மழை.
இரவு இரண்டு இருபது.
கரண்ட் போய் வந்ததில்
நுண்ணோக்கியின் விளக்கு ஒருமுறை இமைத்தது.

ஸ்லைடில் மங்ரா எக்காவின் ஒரு சொட்டு.
வயது பத்தொன்பது. ஊர் கும்லா.
தன்பாத் ரயிலில் கோவைக்கு வந்து
பஸ்ஸில் மலையேறிப் பதினோரு நாள்.
நடுவட்டத்துக்குக் கீழே மண் சரிந்த வளைவில்
தடுப்புச்சுவருக்குக் கல் சுமந்தவன்.
கொண்டுவந்து விட்ட மேஸ்திரி
"குளிர் ஒத்துக்கலை" என்றார்.
மலைக்கு வருகிற எல்லோருக்கும்
அதைத்தான் சொல்கிறோம்.

ஜீம்சா ஊதாவில் மெல்லிய மோதிரங்கள்.
ஒரே செல்லில் இரண்டு.
ஓரத்தில் ஒட்டிக்கொண்டு ஒன்று.
எண்ணத் தொடங்கினேன்.

சிவப்பணுவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்:
அதற்குள் யாரும் இல்லை.
கரு இல்லை, பட்டறை இல்லை,
சரக்கைக் கட்டி அனுப்ப ஓர் ஆள் இல்லை.
எலும்பு மச்சையை விட்டுக் கிளம்பும்போதே
எல்லாவற்றையும் வெளியே போட்டுவிட்டு
பிராணவாயு சுமக்க மட்டும்
நாலு மாதம் சுற்றுகிற பை.

அதில் போய் ஒளிந்தால்
பாதுகாப்பு உண்டு, சோறு உண்டு,
பாதை கிடையாது.
அதனால் இது பாதை போடுகிறது.

நுழையும்போது இழுத்துப் போர்த்திக்கொண்ட சவ்வில்
ஒரு வாசல் அடிக்கிறது.
வெளியேறும் புரதங்கள் பலவற்றின் தலையிலும்
ஐந்தெழுத்துச் சீட்டு
(என் அம்மா கேட்டால் கைகூப்பிவிடுவாள்;
இது வேறு ஐந்தெழுத்து).
மூன்றாம் எழுத்தோடு சீட்டைக் கிழித்த பிறகுதான்
பயணம்.
வாசலோ குறுகல். மடிந்த உருவம் நுழையாது.
ஒவ்வொன்றும் தன்னை அவிழ்த்து
ஊசிக்காதில் நூலாகிக் கடந்து
அந்தப் பக்கம் போய் மறுபடி உருவெடுக்கிறது.

அங்கிருந்து தட்டையான பைகள்,
நடுவழிச் சரக்குக் கொட்டகைகள்.
முதலில் மிதந்து அலையும்;
பிறகு விளிம்பருகே நின்றுவிடும்.
செல்லின் தோலுக்கடியில் கிடந்த இழைகளையே பிடுங்கிக்
கயிறாக்கிக் கட்டிக்கொள்கிறது.
சாயம் சரியாக ஏறிய நாளில்
கொட்டகைகள் செம்புள்ளிகளாய்த் தெரியும்.
இன்று நாலைந்து.

உள்ளே வரும் சரக்கும் உண்டு.
ஹீமோகுளோபினை முழுக்கத் தின்றாலும்
அதில் கிடைக்காத ஒன்று, ஐசோலூசின்.
சமையலெல்லாம் முடித்துவிட்டு
உப்புக்குக் கடைக்கு ஓடுவதுபோல்
அதற்கென்று செல்லின் தோலில் துளை போடுகிறது.

மலையைக் குடைந்து பாதை போட்டவர்கள்,
கீழிறங்கிய தேயிலைப் பெட்டிகள்,
நடுவட்டத்தில் பட்டை உரிபட்ட சிங்கோனா...
உவமை தானாக வந்து மேஜையருகே நின்றது.
போகச் சொன்னேன்.
கிருமிக்குக் கம்பெனி இல்லை, கணக்குப்பிள்ளை இல்லை.
கணக்கு எனக்குத்தான்:
ஆயிரம் சிவப்பணுவுக்கு நாற்பத்திரண்டு.

எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
முழுக்கணக்கு இல்லை என்று எனக்குத் தெரியும்.
வளர்ந்தவை இந்த ஸ்லைடுக்கு வருவதில்லை.
அந்தப் பாதையில் போன கடைசிச் சரக்கு
செல்லின் மேல் குமிழ்குமிழாய் முளைத்திருக்கும்,
குமிழில் கொக்கி,
கொக்கி எங்கோ ஒரு நுண்குழாயின் சுவரில்.
மூளையிலும் இருக்கலாம்.
மண்ணீரல் பக்கம் தலைகாட்டாமல் தொங்குகின்றன.
விரல்நுனியில் நான் குத்தி எடுத்தது
தெருவில் திரிகிற சிறுசுகளை.

ஜெசிந்தா சிஸ்டர் ஆர்ட்டிசுனேட் கரைத்தாள்.
டாக்டர் நஸ்ரின் தனக்குத் தெரிந்த இந்தியில்
பெயர் கேட்டார். சொன்னான்.
ஊர் கேட்டார்.
சுவரைப் பார்த்தான்.

எனக்கு அவன் பாஷை தெரியாது.
கல் அடுக்குவதுபோல் கைகளை வைத்துக் காட்டி
எவ்வளவு உயரம் வந்திருக்கிறது என்று
புருவத்தால் கேட்டேன்.
ஊசி ஏறி முடியும்வரை யோசித்தான்.
பிறகு கையைத் தூக்கி
என் இடுப்பு உயரத்தில் நிறுத்தினான்.

கொஞ்சம் இறக்கினான்.